மூன்று மணி ஜீப்பும் மெட்ராஸ் விமானமும்

டிரைவரண்ணே,

உங்கள் ஜீப்பின் சாவி மறுபடியும் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே சாவிதான். நீங்கள் கோத்த நீல நைலான் கயிறு அழுக்கேறிக் கறுத்துவிட்டது. நுனியில் தொங்கும் சின்னச் சிலுவையின் ஒரு கை உடைந்திருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து மோந்து பார்த்தேன். டீசல் வாடை அடித்தது. வேறென்ன அடிக்கும்? இருந்தாலும் கண் கலங்கிவிட்டது.

மணி மூன்றரை. மூன்று மணிக்கு மஞ்சக்குட்டைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி என் கடைக்கு எதிரே ஸ்டேண்டில் காலியாக நிற்கிறது. ஏறி உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். உங்களிடமிருந்து ஜீப்பை வாங்கிய முருகேசன், கடையின் உட்பக்கம் ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிகளின் மேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் விழிக்கும்வரை இந்தச் சாவியை நான் காவல் காக்க வேண்டும். கரண்டும் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று என் மனைவி சகீனா கேட்பாள். கேட்கட்டும்.

நம் பழக்கம் வாந்தியில் ஆரம்பித்தது. அதை மறைத்து எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் எஸ்டேட் லாரியில் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிய காலத்தில், கடைக்குச் சாமான் வாங்க உங்கள் பக்கத்து சீட்டில் தொற்றிக்கொண்டு வருவேன். இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் எனக்குக் குமட்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு வளைவு முன்னாலேயே, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எலுமிச்சம்பழத்தை என் பக்கம் நீட்டுவீர்கள். பிறகு லாரியை விட்டுவிட்டுச் சொந்த ஜீப்பில் மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தீர்கள். ஸ்டேண்டு என் கடைக்கு எதிரே அமைந்தது என் நல்ல காலம்.

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத, ஓடுகிற வண்டியில் ஒழுங்காக உட்காரவும் முடியாத இந்த மனுஷன், ஒரு மத்தியானம் கடைக் கம்ப்யூட்டரில் பெரிய பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"ஏனுங்க பாய், என்னங்க இது?"

"கோயமுத்தூர்ல இருந்து மெட்ராஸ் போறேண்ணே. பிளைட்டு. நெசமில்ல, கம்ப்யூட்டர்லதான்."

"நீங்களா ஓட்டறீங்க? வாந்தி வல்லீங்களா?"

"நான் எங்கண்ணே ஓட்டறேன்? அதுவா ஓட்டிக்குது. நான் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

அது உண்மை. கையால் ஓட்டினால் திரையில் அடிவானம் சாயும், எனக்கு இங்கே வயிறு புரளும். ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டால் விமானம் நிதானமாகப் போகும். ஸ்டிக், லீவர், குமிழ், பொத்தான் எல்லாம் உள்ள ஒரு பலகையைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தேன். உயரத்தை ஒரு குமிழில் வைத்தால் அந்த உயரத்துக்கு ஏறும், திசையை இன்னொரு குமிழில் வைத்தால் அந்தப் பக்கம் திரும்பும். வாந்திக்குப் பயந்துதான் அதன் அத்தனை முறைகளையும் வீடியோ பார்த்துக் கரைத்துக் குடித்தேன். ஊரில் வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் நாற்பத்தெட்டு வயசில் பாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

நீங்கள் உள்ளே வந்து, தூக்குப்போசியைப் பிரித்து வைத்து, சாப்பிட மறந்து பார்த்தீர்கள். மறுநாளும் வந்தீர்கள். பன்னிரண்டரைக்கு மஞ்சக்குட்டையிலிருந்து வந்தால் மறுபடி மூன்று மணிக்குத்தான் உங்களுக்கு டிரிப். கோவையில் கிளம்பி மெட்ராஸில் இறங்க அந்த நேரம் தாராளமாகப் போதும். ஒரு வாரத்தில் நீங்கள் ஓட்டுகிறவர், நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறவன் என்று ஆகிவிட்டது. "ரெண்டு பேரும் உக்காந்த எடத்துல தெனமும் மெட்ராஸ் போறீங்க, என்னை ஒரு நாள் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போக நாதியில்ல" என்று சகீனா தேத்தண்ணி கொண்டுவரும்போதெல்லாம் சொல்வாள். நீங்கள் எழுந்து நின்று, "ஏறுங்க அம்மணி, பின்னால நூத்தம்பது சீட்டு காலியா கெடக்குதுங்க" என்பீர்கள்.

உங்கள் முதல் வம்பு கையில் இருந்தது. ஓடுபாதையிலிருந்து கையால் தூக்கி, ஆயிரம் அடி ஏறியதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, ஸ்டிக்கை விட்டுவிட வேண்டும். நீங்கள் விடமாட்டீர்கள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. விமானம் திசையைப் பார்த்துத் தானாகத் திரும்பும்போது உங்கள் கையும் கூடவே திரும்பும். யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று ஆட்டோபைலட் கோபித்துக்கொண்டு கழன்றுவிடும். உடனே கடை முழுக்க அபாயச் சங்கு ஊதும். ஒருநாள் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த கரடியூர்க்கார அம்மா, "ஐயோ, தீ புடிச்சிருச்சுங்களா?" என்று கார்டை விட்டுவிட்டு வெளியே ஓடினார். அன்றிலிருந்து ஏறும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வீர்கள்.

இறங்குவதில் நடந்த சண்டை பெரிது. மெட்ராஸ் நெருங்கும்போது ஆட்டோபைலட் எஞ்சினை முழுக்க அடக்கிவிட்டு மூக்கைத் தாழ்த்தும். அந்தச் சத்தம் அடங்கியதும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"பாய்! நியூட்ரல்ல போட்டிருச்சுங்க!"

"இல்லண்ணே. அது இறங்கறதே அப்படித்தான்."

"எறக்கத்துல நியூட்ரல்ல போறவன் ஊடு போய்ச் சேர மாட்டானுங்க. எஞ்சின் புடிச்சிருக்கோணும்."

சொல்லிக்கொண்டே எஞ்சின் தானியங்கியை அணைத்துவிட்டு லீவரை முன்னே தள்ளினீர்கள். மலைப்பாதையில் அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய புத்தி. ஆகாயத்தில் அதுவே விமானத்தை இறங்கவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் ஓடுபாதை எங்கோ கீழே கோடாகப் போனது.

"கடல்தானுங்களே இது?"

"கடல்தாண்ணே."

"திருப்ப எடம் இருக்குதுங்களா?"

"எவ்வளவு வேணும்னாலும் இருக்கு."

அன்று நாம் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு விலா வலிக்கிறது.

பிறகு நான் உங்களுக்கு இரண்டு பழக்கங்களைச் சொன்னேன். இரண்டும் வீடியோவில் பார்த்தவைதான், என் மூளையில் உதித்தவை இல்லை. முதலாவது, பொத்தானை அழுத்திவிட்டால் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. தரையிலிருந்து இரண்டு கதிர்கள் வருகின்றன. ஒன்று விமானத்தை ஓடுபாதைக்கு நேரே கொண்டுவரும், மற்றது சரிவாகக் கீழே இறக்கும். இறங்கும் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கதிர்களின் பெயர்கள் திரையின் உச்சியில் சின்ன எழுத்தில் வெள்ளையாகத் தெரியும். காத்திருக்கிறேன் என்று அர்த்தம். கதிரைப் பிடித்த பிறகுதான் பச்சையாகும். சரிவுக் கதிரைக் கீழேயிருந்து போய்ப் பிடிக்க வேண்டும். மேலே இருந்துவிட்டால் அது வெள்ளையாகவே நிற்கும், விமானம் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் கவனிக்கிறவன் எழுத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் கேட்டது என்ன என்பதை விட்டுவிட்டு, அது காட்டுவது என்ன என்பதை.

"இது நொம்ப நல்லா இருக்குதுங்க பாய்" என்றீர்கள். "நீங்க சொல்லிட்டே வாங்க. நான் கேட்டுட்டே ஓட்டறனுங்க."

நான் பூரித்துப் போனேன். என் பேச்சை இவ்வளவு ஒழுக்கமாகக் கேட்ட ஆள் என் வீட்டிலேயே கிடையாது. வெள்ளை, வெள்ளை, ஒன்று பச்சை, இரண்டும் பச்சை என்று ஏலம் போடுகிறவன் மாதிரிக் கத்துவேன். என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று நீங்களே பனியன் பெட்டி அட்டையில் எழுதிவைத்தீர்கள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் உயரம். "சுவரொட்டியா எழுதறீங்க?" என்று கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இரண்டாவது பழக்கம் கைமாற்றுவது. ஓட்டுகிறவர் ஸ்டிக்கை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது "உங்க கையில" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "என் கையில" என்ற பிறகுதான் விட வேண்டும். அது உங்களுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. தேத்தண்ணிக் கிளாஸை எனக்கு நீட்டினாலும் "உங்க கையில" என்று சொல்லிவிட்டுப் பிடித்தபடியே நிற்பீர்கள். கடையில் ஆள் நிற்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். "என் கையில" என்று நான் முனகும்வரை கிளாஸ் வராது.

கோவையிலிருந்து மெட்ராஸுக்குப் போகும் நேர்கோடு நம் மலைக்கு மேலேயே போகிறது என்று வரைபடத்தில் காட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இடம் வந்ததும் கேட்பீர்கள். "நம்ம ஏரி தெரியுதுங்களா பாய்?" தெரிகிறது, நீலப் பொட்டு மாதிரி இருக்கிறது என்பேன். "எங்க ஊரு கொட்டச்சேடு பக்கம் எப்படி இருக்குதுங்க?" எல்லாம் பச்சையாக, புடைப்பு புடைப்பாக இருக்கிறது என்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வீர்கள். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே திரை இருந்தது. நீங்கள் ஏன் என்னைக் கேட்டீர்கள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஊர் முழுக்க என்னைக் கெட்டிக்காரன் என்கிறது.

பல் பிடுங்கிய அன்றுதான் தெரிந்தது. கடைவாய்ப் பல். வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பேச வேண்டாமுங்க, நானே பாத்துக்கறனுங்க" என்று உட்கார்ந்தீர்கள். ஏறினீர்கள், மலையைத் தாண்டினீர்கள், எல்லாம் விரல் பழக்கத்தில் ஒழுங்காக நடந்தது. இறங்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சரிவுக் கதிருக்கு மேலேயே இருந்தோம். பொத்தானை அழுத்தினீர்கள். முதல் எழுத்து பச்சையாயிற்று. இரண்டாவது வெள்ளையாகவே நின்றது. நான் சொல்ல முடியாதே, அதனால் நீங்களே சொன்னீர்கள்.

"ரெண்டும் பச்சைங்க பாய்."

நான் திரையைப் பார்த்தேன். வெள்ளை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் சரியாக அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விரலால் அந்த எழுத்தின் மேல் தட்டிக் காட்டினேன்.

"ம், பாத்தனுங்க, பாத்தனுங்க" என்றீர்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, விமானம் இறங்கட்டும் என்று திருப்தியாக உட்கார்ந்திருந்தீர்கள்.

விமானம் நாலாயிரம் அடியிலேயே போனது. ஓடுபாதை கீழே கடந்தது. கடல் வந்தது. நீங்கள் கடலா என்று கேட்கவில்லை.  கட்டைவிரல் உயர எழுத்துகள், ஏரி தெரியுதுங்களா, நீங்க சொல்லிட்டே வாங்க, எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கிற்று.

"இன்னிக்கு என்னமோ புடிக்கலீங்க" என்று எழுந்தீர்கள். "மூணாகுது. ஆளு சேந்திருச்சு."

வெளியே ஜீப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள் நஸ்ரின். மஞ்சக்குட்டையில் தையல் வகுப்பு எடுக்கிறாள், தினமும் உங்கள் வண்டியில்தான் போவாள். நீங்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினீர்கள். நான் ஓடினேன். வாயிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். ரத்தத்தைத் துப்பினேன்.

"நஸ்ரின், நீ எறங்கு" என்றேன். "உம்மாவுக்கு முடியல."

அவள் பதறி இறங்கினாள். நான் விலகி நின்றேன். மீதிப் பதினொரு பேரோடு ஜீப் போனது. ஒரு தாய் மடியில் தூங்கும் குழந்தையோடு பின்சீட்டில் இருந்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும், வாரா வாரம் ரீசார்ஜ் செய்ய வருவாள். வளைவில் வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இருந்தது அண்ணே. பஞ்சைக்கூட எடுத்தாகிவிட்டது. பேசவும் செய்தேன். என் மகளுக்காக மட்டும் பேசினேன்.

அதன்பிறகு ஒன்பது நாள் அவள் பஸ்ஸில் போனாள். வண்டி கிளம்பும்போதெல்லாம் கடைக்குள் போய் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் ஜீப் நிற்கும். அண்ணி போனபிறகு உங்களுக்கு அந்த ஜீப்பும் என் கடையும்தான் இருந்தன. ஒன்றை நான் பிடுங்கினால் மற்றதற்கும் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். உங்களை இழக்க எனக்கு மனசில்லை. அதற்காகப் பதினொரு பேரை நாள் தவறாமல் பணயம் வைத்தேன். இதை நல்ல மனசு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் கோழைத்தனம்.

மூன்றாம் நாளே கேட்டீர்கள். "ஏனுங்க பாய், பாப்பா இப்ப நம்ம வண்டியில வரதில்லீங்களே?"

"பஸ் நேரம் அவளுக்குத் தோதா இருக்குண்ணே."

"ஓ" என்றீர்கள். தேத்தண்ணிக் கிளாஸை அன்று "உங்க கையில" சொல்லாமலே வைத்துவிட்டுப் போனீர்கள்.

பத்தாம் நாள் மத்தியானம் வழக்கம்போல வந்தீர்கள். தூக்குப்போசி இல்லை. கோவையில் கிளம்பினோம். மலை வந்தபோது ஏரியைக் கேட்கவில்லை. மெட்ராஸ் நெருங்கியது. இரண்டும் பச்சை என்று நான் சொன்னதும், "உங்க கையில" என்றீர்கள். எனக்கு ஆச்சரியம். ஓட்டும்போது நீங்கள் எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. "என் கையில" என்று வாங்கினேன். ஐந்நூறு அடியில் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, வயிறு புரளப் புரளக் கையால் இறக்கினேன். மூன்று தரம் குதித்து நின்றது.

அப்போது சட்டைப் பையிலிருந்து இந்தச் சாவியை எடுத்து நீட்டினீர்கள்.

"உங்க கையில."

நான் பிடித்தேன். வாய் திறக்கவில்லை. நீங்களும் விடவில்லை. நீலக் கயிறு உங்கள் விரலில், சாவி என் விரலில்.

"ரெண்டு வருசமாச்சுங்க பாய். சக்கர வியாதி கண்ணைத் தின்னுருச்சுன்னு சேலத்து டாக்டர் அப்பவே சொல்லிட்டாருங்க. ரோடு எனக்குப் பாக்க வேண்டியதில்லீங்க, எனக்கே தெரியும். ஆனா ரோட்டுல வர்ற ஆளு தெரியாதுங்களே. நேத்து வெறகுக்கட்டோட ஒரு பொம்பள. பின்னால இருந்தவங்க கத்தலீனா..."

 கயிற்றை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டீர்கள்.

"பாப்பாவ பஸ்ல அனுப்புனீங்க. தப்பில்லீங்க, நானா இருந்தாலும் அனுப்புவனுங்க. மத்தவங்க புள்ளைங்களையும் அனுப்பிருக்கலாமுங்க பாய். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே எறங்கியிருப்பனுங்க."

நீங்கள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை நாளில் ஆறியிருக்கும்.

"என் கையில" என்றேன். சாவி வந்தது.  அன்று மூன்று மணி டிரிப்புக்கு வேறு வண்டியைப் பேசி அனுப்பினீர்கள். அந்த மாதத்திலேயே முருகேசன் ஜீப்பை வாங்கிக்கொண்டார். சாவியை என் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றீர்கள், கொடுத்தேன்.

கடைக்கு வரமாட்டீர்கள் என்று பயந்தேனே, அதற்கப்புறம்தான் அதிகமாக வந்தீர்கள். கொட்டச்சேட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவீர்கள். கண் இன்னும் மங்கியது. திரை வெறும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது என்று நீங்களே சொன்னீர்கள். ஆனாலும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். நான் எழுத்தைச் சொல்வேன், நீங்கள் குமிழைத் தடவி எண்ணித் திருப்புவீர்கள். ஒருநாள் எனக்கு மனசு பொறுக்காமல், "எதுக்குண்ணே இந்தக் கஷ்டம்?" என்று கேட்டேன்.

"கீழ ஒண்ணும் தெரியாதப்போ எறங்கறதுக்குத்தானுங்களே இத வெச்சிருக்கறாங்க" என்றீர்கள். "எனக்கு இது கஷ்டமில்லீங்க. நீங்க பொய் சொல்லாம எழுத்தைச் சொன்னாப் போதும்."

அந்தக் கடைசி வார்த்தை யாருக்கென்று எனக்குத் தெரியும். அதன்பிறகு ஒருநாளும் வெள்ளையைப் பச்சை என்று நான் சொன்னதில்லை, உங்களைச் சந்தோஷப்படுத்தவாவது சொல்லலாம் என்று தோன்றிய நாளிலும்கூட. எத்தனையோ தரம் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தோம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. கொட்டச்சேட்டுக்கு உங்கள் ஜீப்பிலேயே, முருகேசனுக்குப் பக்கத்து சீட்டில், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு தரம் இறங்கி வாந்தி எடுத்தேன். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காப்பி பறிப்பு காலம் உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் லாரிக்கு ஆள் போதாமல் முருகேசன் இரண்டு ராத்திரியாக மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போய்வந்திருக்கிறார். பகலில் ஜீப். இரண்டே முக்காலுக்குக் கடைக்கு வந்தார். தேத்தண்ணிக் கிளாஸை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கல்லாவில் சாய்ந்தவர் நின்றபடியே கண்ணை மூடிவிட்டார். கிளாஸ் சாய்ந்து சூடான தேத்தண்ணி காலில் கொட்டியும் உடனே விழிக்கவில்லை. விழித்ததும் சிரித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப்பில் பத்துப் பேர் இருந்தார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். நஸ்ரின் இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஆத்தூர் போய் ஆறு மாதமாகிறது. என் பழைய புத்தி ஒரு கணம் நிம்மதிப்பட்டதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்புறம் கடையை விட்டு இறங்கிப் போய், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"முருகேசா, சாவியக் குடுங்க."

"எதுக்குங்க?"

"நீங்க தூங்கறீங்க. இப்ப ஓட்ட வேண்டாம்."

"நல்லாத்தானுங்க இருக்கறேன். ஏனுங்க பாய், உங்களுக்கு என்னங்க ஆச்சு? உங்க ஊட்டு ஆளு ஒருத்தருகூட இந்த வண்டியில இல்லீங்களே!"

"அதனாலதான் கேக்கறேன்" என்றேன்.

பின்சீட்டிலிருந்து சத்தம் கிளம்பியது. நேரமாகுது, இவருக்கென்ன வந்தது, வண்டி ஓட்டத் தெரியாத ஆளுக்கு இதில் என்ன வேலை என்றார்கள். அந்த ரீசார்ஜ் அம்மாவும் இருந்தாள். மடிக்குழந்தை வளர்ந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவள்தான் என்னை அதிகம் திட்டினாள். இனி உங்க கடைப்பக்கமே வரமாட்டேன் என்றாள். நான் கதவை விடவில்லை.  முருகேசன் இறங்கி, கடைக்குள் வந்து, சாவியை இந்த மேசைமேல் விட்டெறிந்தார். அப்போதுதான் சிலுவையின் கை உடைந்தது. மன்னியுங்கள். பெட்டிகளின் மேல் சாய்ந்தவர் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனார்.

"உங்க கையில" என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. நான் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் "என் கையில" என்றேன்.

கரண்டு வந்துவிட்டது. குறட்டைச் சத்தம் நின்றுவிட்டது. முருகேசன் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். முகம் கழுவச் சொல்லி, சகீனாவிடம் தேத்தண்ணி கேட்டு, கிளாஸ் அவர் கையில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால், இந்தச் சாவியை நீட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்வேன். பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முழிப்பார். முழிக்கட்டும். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தருவேன். அவர் வாயைத் திறந்து அதைச் சொல்லும்வரை நீலக் கயிற்றை விடமாட்டேன்.

உங்கள்
பாய்